தம்போய் வீட்டில் ஆலெப், பேத்

தம்போயில் சித்தி வீட்டுக் காலை வேதாகமத்தோடுதான் தொடங்கும். ஜொகூர் பாரு நகரின் வடமேற்கே, தொழிற்பேட்டைக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவே இருக்கிறது அந்தப் பகுதி. பொழுது புலருமுன்பே சிங்கப்பூர் வேலைக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் ஓய்ந்த பிறகு, சித்தி முன்னறையில் உட்கார்ந்து 119ஆம் சங்கீதத்தை நாளுக்கு ஒரு பகுதியாக உரக்க வாசிப்பார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ழகரம் பிசகாத வாசிப்பு.

"நேத்து கப் முடிச்சாச்சு தம்பி, இன்னிக்கு லாமேட்" என்றார்.

பழைய தமிழ் வேதாகமத்தைப் புரட்டியவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். அந்தச் சங்கீதத்தில் எட்டு வசனத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தலைப்பு வரும். ஆலெப், பேத், கிமெல், டாலெத் என்று தொடங்கித் தௌ வரை 22 தலைப்புகள். அவை எபிரேய எழுத்துகளின் பெயர்கள். மூலத்தில் ஆலெப் பகுதியின் எட்டு வசனங்களும் ஆலெப் எழுத்தில் தொடங்கும். பேத் பகுதியின் எட்டும் பேத்தில். மொத்தம் 176 வசனங்கள். ஔவையின் ஆத்திசூடி அகர வரிசையில் செல்வதைப் போல இது எபிரேய நெடுங்கணக்கில் செல்லும் பாட்டு. வேறு மொழிக்குப் போனால் அந்த வரிசை நிற்காது. ஆனாலும் தமிழாக்கியவர்கள் எழுத்தின் பெயர்களைக் கைவிட மனமில்லாமல் அப்படியே வைத்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் பப்ரீசியுஸ் என்ற மிஷனரி எபிரேய மூலத்தைப் பார்த்துத் தமிழாக்கினார். அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் நடத்திய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரின் உழைப்பும் சேர்ந்தது. இப்படிப் பல கை மாறி வந்த தமிழ் வேதாகமம், ரப்பர் தோட்டத்துக்கு வந்த தமிழர்களோடு கடல் கடந்து ஜொகூருக்கும் வந்திருக்கிறது.

"இத்தன வருஷமா வாசிக்கிறேன். இந்த எழுத்தையெல்லாம் கண்ணால பாத்ததில்ல" என்றார் சித்தி.

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் இருக்கும் யூத ஜெபாலயத்தைப் பார்க்க நான் முன்னமே எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். சித்தியும் வருவதென்று முடிவாயிற்று.

லார்க்கின் பேருந்து நிலையத்துக்குப் போக கிராப் வண்டி பிடித்தோம். ஜொகூரில் கடைப் பலகைகளிலும் தெருப் பெயர்களிலும் ஜாவி எழுத்தை நிறையப் பார்க்கலாம். அரபு எழுத்தில் எழுதிய மலாய் அது, வலமிருந்து இடமாக ஓடும். வண்டி ஓட்டிய மலாய்ப் பெரியவரிடம், ஜாவியில் உயிரொலி பலவற்றை எழுதுவதே இல்லையே, எப்படி வாசிக்கிறீர்கள் என்று சித்தி மலாயில் கேட்டார். சொல் முன்பே தெரிந்திருந்தால் எழுத்து தானாகப் பேசும் என்றார் அவர். எபிரேயத்தின் கதை முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. அரபு எழுத்தும் இன்றைய எபிரேயச் சதுர எழுத்தும் அரமேயம் என்ற ஒரே தாயெழுத்தின் கிளைகள். நம் பிராமியும் அரமேயத்தின் தாக்கத்தில் உருவானது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அதை ஏற்காதவர்களும் உண்டு.

லார்க்கினில் 170ஆம் எண் பேருந்து. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை இறங்கிக் கடப்பிதழைக் காட்டி மறுபடி ஏற வேண்டும். வரிசைகள் நீளம். அந்த நேரத்தில் சித்திக்கு எபிரேயத்தின் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

எபிரேயம் வானத்திலிருந்து இறங்கிய தனிமொழி அல்ல. கானான் நாட்டில் பேசிய நெருங்கிய உறவு மொழிகளில் ஒன்று. பக்கத்து மோவாப் அரசன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் கல்லில் பொறித்து வைத்த மோவாபிய மொழியை, எபிரேயம் தெரிந்தவர் பெரிய சிரமமில்லாமல் புரிந்துகொள்ளலாம். பெனீசியமும் அப்படித்தான். எபிரேயத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக வைக்கப்படும் கேசேர் கல்வெட்டு கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உள்ளங்கையில் அடங்கும் சுண்ணாம்புக் கல். அதில் அரசனும் இல்லை, போரும் இல்லை. எந்த மாதத்தில் விதைப்பு, எந்த மாதத்தில் வாற்கோதுமை அறுப்பு என்று ஒரு குடியானவனின் ஆண்டுக்கணக்கு இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது எருசலேமின் சீலோவாம் கல்வெட்டு. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், எசேக்கியா அரசன் காலத்தில், ஊற்று நீரை நகருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்து ஏறக்குறைய 533 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் ஒரே சமயத்தில் வெட்டிக்கொண்டு வந்தது. இன்னும் மூன்று முழம் பாக்கியிருந்தபோது, பாறைக்கு அப்பால் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு கோடரிக்கு எதிரே கோடரி சந்தித்தது. ஊற்றிலிருந்து குளத்துக்கு 1,200 முழம் தண்ணீர் ஓடியது. இவ்வளவையும் ஆறு வரியில் சுரங்கச் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள். எஞ்சிய பகுதியில் அரசனின் பெயர்கூட இல்லை. 1880இல் அங்கே குளித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் கண்ணில் பட்டது. கல்லைப் பிறகு பெயர்த்தெடுத்தார்கள். இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"வெட்டுனவங்களே எழுதி வச்சாங்களா?" என்று கேட்டார் சித்தி. யார் செதுக்கினார்கள் என்று கல் சொல்லவில்லை. ஆனால் அதன் நடை அரசவை நடை அல்ல. வேலை நடந்த இடத்தில் நின்று பார்த்தவன் சொல்லும் நடை. எபிரேயம் அன்று வேதமொழி மட்டும் அல்ல, கூலியாளும் குடியானவனும் பேசிய மொழி என்பதற்கு இந்த இரண்டு கல்லும் போதும்.

கி.மு. 586இல் பாபிலோன் எருசலேமை அழித்து மக்களைச் சிறைபிடித்துப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பிரதேசம் எங்கும் அரமேயம் பெருகியது. யூதர்கள் தங்கள் பழைய எழுத்தைப் படிப்படியாக விட்டு அரமேயச் சதுர எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். பழைய எழுத்தின் வழிவந்த வடிவத்தைச் சமாரியர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள். பேச்சு உடனே போய்விடவில்லை. கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பா தன் ஆட்களுக்கு அனுப்பிய கடிதங்களில் எபிரேயத்தில் எழுதியவையும் சாக்கடல் குகைகளில் கிடைத்தன. ஏறத்தாழ கி.பி. 200இல் யூத அறிஞர் யூதா ஹனாசி மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பை உருவாக்கியது எபிரேயத்தில்தான். அந்தக் காலத்தை ஒட்டித்தான் வீட்டில் தாய்மொழியாக எபிரேயம் பேசியவர்கள் மறைந்துபோனார்கள்.

குவீன் தெரு நிலையத்தில் இறங்கினால் வாட்டர்லூ தெரு கூப்பிடு தூரம். குவான் இம் கோயில் வாசலில் பூக்காரர்கள், பக்கத்திலேயே ஸ்ரீகிருஷ்ணன் கோயில். சீன பக்தர்கள் கிருஷ்ணன் கோயில் முன்னும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுப் போகிறார்கள். மிடில் ரோட்டைத் தாண்டி அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் மகேன் அபோத் ஜெபாலயம். 1878இல் திறந்தது; தென்கிழக்காசியாவில் எஞ்சியிருக்கும் ஜெபாலயங்களில் மிகப் பழையது. அதற்கு முன் 1841இல் படகுத்துறைப் பக்கம் ஒன்று இருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் சினகாக் தெரு என்றே பெயர்.

கட்டியவர்கள் பாக்தாத் யூதர்கள். பாக்தாதிலிருந்தும் பாஸ்ராவிலிருந்தும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து, அங்கிருந்து ரங்கூன், சிங்கப்பூர், ஷாங்காய் என்று வணிகத்தோடு பரவியவர்கள். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் இந்தச் சமூகத்து மனிதர். மிடில் ரோடும் செலிகி ரோடும் சந்திக்கும் முனையில் 1928ஆம் ஆண்டு டேவிட் எலியாஸ் கட்டடம் தாவீதின் நட்சத்திரங்களோடு நிற்கிறது.

வாசலில் கடப்பிதழைச் சரிபார்த்து உள்ளே விட்டார்கள். நடுவே உயர்ந்த மேடை, எதிரே தோரா எனும் வேதச் சுருள்களை வைத்திருக்கும் பேழை. நான் பார்க்க விரும்பியது ஜெப நூலைத்தான். ஒரு பக்கம் எபிரேயம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். சித்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். "லாமேட் எது?" காட்டினேன். கண்டுபிடிப்பது எளிது, அந்த நெடுங்கணக்கில் வரிக்கு மேலே தலை நீட்டும் எழுத்து அது ஒன்றுதான். எழுத்துகளுக்குக் கீழேயும் உள்ளேயும் பொடிப்பொடியாகப் புள்ளிகளும் கோடுகளும் இருந்தன. "இது என்ன, நம்ம புள்ளி மாதிரியா?"

ஏறக்குறைய அப்படித்தான். எபிரேய எழுத்து 22உம் மெய்கள். உயிரொலியில் பெரும்பகுதி வாயில் இருந்தது, ஏட்டில் இல்லை. பேசுகிறவர்கள் குறைந்து வாசிக்கிறவர்கள் மட்டும் மிஞ்சியபோது அந்த ஒலி தப்பிப்போகும் என்ற அச்சம் வந்தது. கலிலேயக் கடலோரம் திபேரியாவில் மாசோரேத்துகள் என்ற பரம்பரை அறிஞர்கள், 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, ஒவ்வொரு எழுத்துக்கும் இன்ன உயிர், இன்ன அழுத்தம், இன்ன இசை என்று குறிகளை வகுத்தார்கள். மூல எழுத்தில் ஒன்றையும் தொடவில்லை. சுற்றிலும் குறிதான் இட்டார்கள். சுமார் 930இல் எழுதிய அலெப்போ ஏடும், 1008ஐ ஒட்டி எழுதி இன்று புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் லெனின்கிராடு ஏடும் அவர்கள் உழைப்பின் பெரும் சின்னங்கள். நம் ஓலைச்சுவடிகளில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். தமிழ் தெரிந்தவன் தானே வாசித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. பேச்சு என்ற காவல் இல்லாத எபிரேயத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஜெபாலயத்தில் உரக்க வாசிக்கும் தோரா சுருளில் மட்டும் இன்றும் புள்ளி கிடையாது. பாடம் செய்த தோலில் கையால் எழுதுவார்கள். மரபுக் கணக்குப்படி 3,04,805 எழுத்துகள். ஒன்று சிதைந்தாலும் சரிசெய்யும்வரை அந்தச் சுருளை வாசிக்கக்கூடாது. வாசிக்கிறவர் ஒவ்வொரு சொல்லின் உயிரையும் இராகத்தையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். வாரந்தோறும் ஒரு பகுதி, ஆண்டு முடிவதற்குள் முழுச் சுருள். பாக்தாத் முதல் கொச்சி வரை இதே ஒழுங்கு.

இங்கேதான் எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டு. தமிழ் மேடைகளில் எபிரேயத்தின் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். செத்துப்போன மொழியை எலியேசர் பென் யெகுதா என்ற தனி மனிதர் உயிர்ப்பித்தார், நாமும் முயன்றால் எதுவும் முடியும் என்று கைதட்டலோடு முடியும். அந்த மனிதரின் பெருமையைக் குறைக்க நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் எபிரேயம் செத்திருக்கவே இல்லை. பால்மணம் மாறாத சிறுவர்களை உட்காரவைத்து எழுத்தறிவித்த ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். முதல் நாளில் எழுத்தின்மேல் தேன் தடவிப் பிள்ளையை நக்கச் சொல்லும் வழக்கம் ஐரோப்பிய யூதரிடம் இருந்தது. ஸ்பெயினில் யெகுதா ஹலேவி எபிரேயத்தில் கவிதை செய்தார். மைமோனிடிஸ் எகிப்தில் மாபெரும் சட்டநூலை எபிரேயத்தில் எழுதினார். 1853இல் மாபு என்ற எழுத்தாளரின் எபிரேய நாவல் வந்தது. 1856இல் எபிரேய வார இதழ் வந்தது. பென் யெகுதா பிறந்தது 1858இல். எருசலேம் சந்தையில் பல நாட்டு யூதர்கள் ஒருவருக்கொருவர் பொதுமொழியாக எபிரேயம் பேசிக்கொண்டதும் அவருக்கு முந்தியது.

தமிழ் நிலத்துக்கு அருகிலேயே இதற்குச் சாட்சி உண்டு. கி.பி. 849இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து அரபு எழுத்திலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கிறது. எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டவர்களின் மொழி பாரசீகம். எந்த ஊர்ப் பேச்சானாலும் எழுத்து எபிரேயம்தான். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு எழுதிய அரபுக் கடிதங்களும் அதே எழுத்தில். 1873 முதல் கல்கத்தாவில் பாக்தாத் யூதர்கள் நடத்திய வார இதழ்களும் அப்படியே: மொழி அரபு, எழுத்து எபிரேயம். 1,700 ஆண்டு கையெழுத்துப் பழக்கமும் வாய்ப்பழக்கமும் இல்லாமல் ஒரு தனி மனிதர் எதைக் கையில் எடுத்திருக்க முடியும்?

அவர் கையில் எடுத்தது வீட்டை. 1881இல், காசநோயோடு, மனைவி தெபோராளுடன் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். 1882இல் மகன் பிறந்தான். பின்னாளில் இத்தாமர் பென் அவி என்று பெயர்பெற்றவர். பிள்ளையின் காதில் எபிரேயம் தவிர வேறு சொல் விழக்கூடாது என்று கட்டளை. அப்போதுதான் இடி இறங்கியது. வேதத்துக்கும் சட்டத்துக்கும் கவிதைக்கும் சொல் குவிந்து கிடந்த மொழியில், அகராதிக்குச் சொல் இல்லை, துவாலைக்கு இல்லை, ஐஸ்கிரீமுக்கு இல்லை. பழைய வேர்களிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தார். 1890இல் மொழிக்குழு அமைந்தது. அவர் தொடங்கிய 17 தொகுதி அகராதி, 1922இல் அவர் இறந்த பிறகும் தொடர்ந்து, 1959இல்தான் நிறைவுற்றது. அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். பாடநூலே இல்லாத வகுப்பில் கணக்கும் அறிவியலும் எபிரேயத்தில் நடத்தியவர்கள் அவர்கள். 1913இல் ஹைஃபா தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் வழிப் பாடம் என்று முடிவானபோது, ஆசிரியரும் மாணவரும் வேலைநிறுத்தம் செய்து எபிரேயத்தை நிலைநாட்டினார்கள். 1922இல் பாலஸ்தீனத்தில் ஆங்கிலம், அரபுடன் எபிரேயமும் ஆட்சிமொழி ஆயிற்று. பள்ளி ஆசிரியர்களைப் பற்றி நான் சொன்னபோது சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு தோட்டப் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்தியவர் அவர்.

இந்த வெற்றியின் விலையை மேடைகளில் சொல்வதில்லை. இஸ்ரேல் என்ற புதிய நாட்டில் எபிரேயம் ஓங்கியபோது யூதர்களின் பேச்சுமொழிகளான இத்திஷ், லதீனோ, யூத அரபு எல்லாம் வீட்டு மூலைக்கு ஒதுங்கின. இத்திஷ் பேசிய பல லட்சம் பேரை நாஜிகள் கொன்றார்கள். அந்தப் பழியை எபிரேயத்தின்மேல் போட முடியாது. ஆனால் தப்பி வந்தவர்களின் இத்திஷையும் கொச்சை என்று வெட்கப்படச் செய்தார்கள். கொச்சி யூதர் கதை நமக்கு இன்னும் பக்கம். அவர்கள் பேச்சு மலையாளம். அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடிய மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துத் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேல் போனார்கள். ஸ்கறியா சக்கறியாவும் ஓஃபிரா காம்லியேலும் 2005இல் அந்தப் பாட்டுகளில் ஒரு பகுதியை 'கார்குழலி' என்ற நூலாக்கினார்கள். பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் பேசுவது எபிரேயம்.

ஜொகூரில் எபிரேயம் என்றாலே முகம் மாறும். மலேசியக் கடப்பிதழில் இஸ்ரேல் நீங்கலாக என்று அச்சிட்டிருக்கிறது. பாலஸ்தீனத்துக்காக இந்த மண் படும் வேதனையில் எனக்கும் பங்குண்டு. 2018இல் இஸ்ரேல் கொண்டுவந்த சட்டம், 1922 முதல் எபிரேயத்தோடு ஆட்சிமொழியாக இருந்த அரபை அந்த இடத்திலிருந்து இறக்கியது. மொழிக்காக இவ்வளவு போராடியவர்கள் இன்னொருவர் மொழிக்கு அதைச் செய்தது எனக்கு ஆறவில்லை. சீலோவாமில் பாறை வெட்டியவர்களின் மொழியையும் இந்தச் சட்டத்தையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த சித்தி, வீட்டில் பேச்சு நின்ற பிறகு முதலில் எது போனது என்று கேட்டார். மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூத் என்ற நூலில் வரும் ஒரு செய்தியைச் சொன்னேன். யூதா ஹனாசியின் மாணவர்களுக்கு வேதத்திலும் மிஷ்னாவிலும் வரும் சில சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. பெரும் பண்டிதர்கள், கேட்க ஆளில்லை. அவர் வீட்டு வேலைக்காரப் பெண் இன்னொருத்தியிடம் வீட்டைக் கூட்டச் சொன்ன பேச்சிலிருந்து ஏசாயா நூலில் வரும் துடைப்பத்துக்குப் பொருள் விளங்கியது. கீரையைச் சிதறிக்கொண்டு போன ஒருவனை அவள் கேட்ட கேள்வியிலிருந்து அந்தக் கீரையின் பெயர் விளங்கியது.

"அந்தப் பொண்ணு பேரு?"

"எழுதி வைக்கல சித்தி."

ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையில் கடப்பிதழோடு நின்றபோதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, என்ன கீரை என்று கேட்டார். பருப்புக்கீரை என்றேன்.

"எஸ்டேட்ல லயத்துக்குப் பின்னால மண்டிக் கிடக்கும். எங்கம்மா கடைஞ்சு போடுவாங்க. இப்பகூட தம்போயில வாய்க்கா ஓரத்துல பாத்திருக்கேன், பேரனுக்குக் காட்டுனேன். அவன் 'கெலாங் பாசிர்'னு சரியா சொன்னான். தமிழ்ல கேட்டா, பாட்டி, அது தமிழ்லயும் இருக்கான்னு கேக்கிறான்."